பழைய டீஸல் மோட்டார் வண்டிகளை ஒப்பிட்டு வாங்கும் முறை

விளைபொருளின் மாதிரியைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், விதையும் மருந்தும் வாங்கி வரவும், அவசர காலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவும் மோட்டார் வண்டி குடியானவர்களுக்கு இக்காலத்தில் ஓர் அவசியமான சாதனமாகிவிட்டது. விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள பொம்மையார்பாளையத்திலும், அதற்கு மேற்கே முந்திரியும் சவுக்கும் மணிலாவும் பயிராகும் செம்மண் கிராமங்களிலும், புது வண்டியின் விலைக்கு ஈடு கொடுக்க இயலாதவர்கள் பழைய டீஸல் வண்டியை நாடுவது வழக்கம்.

அவ்வாறு நாடுவோருக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான இரண்டு மூன்று வண்டிகள் காட்டப்படுகின்றன. நிறமும் உருவமும் ஒன்றாகவே இருக்கும்; விலையில் மட்டும் இருபதினாயிரமோ ஐம்பதினாயிரமோ வித்தியாசம் இருக்கும். வாங்குவோர் விலையைப் பார்க்கின்றனர். வண்டி ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கின்றனர். வர்ணத்தின் பளபளப்பைப் பார்க்கின்றனர். இம்மூன்றும் ஏமாற்றக்கூடியவை. உழவு மாடு வாங்குவோர் பல்லையும் குளம்பையும் நடையையும் பார்த்தே விலை பேசுகின்றனர். நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. வண்டிக்கும் இவ்விரு பரீக்ஷைகளும் வேண்டும். அதன் பின்னர், ஒவ்வொரு வண்டியையும் நல்ல நிலைக்குக் கொண்டு வர ஆகும் செலவை விலையோடு கூட்டி, கூட்டுத் தொகைகளையே ஒப்பிட வேண்டும். சொல்லப்படும் விலைகளை மட்டும் ஒப்பிடுவது ஒப்பீடாகாது.

டீஸல் வண்டி தேவைதானா?

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீஸல் 1897-ஆம் வருஷத்தில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. இம்முறையில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அதிக தூரம் ஓடுகிறது. ஆனால் அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் பாகங்கள் கனமானவை. பழுது பார்க்கும் செலவும் அதிகம்.

ஆகையால் வருஷத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று முதலில் கணக்கிடுதல் நலம். உதாரணமாக, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீஸல் 93 ரூபாய் எனவும், பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீஸல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடுவதாகவும் கொள்வோம். கிலோமீட்டருக்கு முறையே 6 ரூபாய் 31 காசும், 4 ரூபாய் 65 காசும் ஆகும். மிச்சம் சுமார் 1 ரூபாய் 66 காசு. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவோருக்கு மிச்சம் ஏறக்குறைய 13,300 ரூபாய். டீஸல் எஞ்சினுக்கு ஆகும் அதிகப்படியான பராமரிப்பு 8,000 ரூபாய் என்று கழித்தால் நிற்பது 5,300 ரூபாயே. டீஸல் வண்டிக்கு 60,000 ரூபாய் கூடுதல் விலை கொடுத்திருந்தால் அது திரும்பி வர 11 வருஷங்களுக்கு மேலாகும். 20,000 கிலோமீட்டர் ஓட்டுவோருக்கோ அதே தொகை இரண்டரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். புதுச்சேரியில் வரி குறைவாதலால் எண்ணெய் விலையும் குறைவு. எல்லையை அடுத்துள்ள கிராமத்தார் தாம் எண்ணெய் போடும் இடத்தின் விலையையே கணக்கில் இட வேண்டும்.

கவனிக்க வேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. 1-4-2020 முதல் விற்கப்பட்ட புதிய டீஸல் கார்கள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. இவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. வண்டி நெடுஞ்சாலையில் தொடர்ந்து சற்று வேகமாக ஓடும்போதுதான் அவ்வடிகட்டி சூடேறி, சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகிறது. பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரிக்குச் சென்று திரும்புவது போன்ற குறுகிய பிரயாணத்துக்கே வண்டி பயன்படுமாயின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; அதை மாற்றும் செலவு மிகுதி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அடிக்கடி செல்வோருக்கு இத்தொல்லை குறைவு. குறுகிய தூரமே ஓட்டுவோர் பெட்ரோல் வண்டியைக் கொள்வது உசிதம்.

எஞ்சின் ஒன்றாயினும் வண்டி ஒன்றாகாது

இத்தாலியிலுள்ள ஃபியட் கம்பெனி வகுத்த 1,248 கன செண்டிமீட்டர் டீஸல் எஞ்சின் நம் நாட்டில் பல கம்பெனிகளின் வண்டிகளில் பொருத்தப்பட்டது. மாருதி ஸ்விஃப்ட், டிஸையர், ரிட்ஸ், டாட்டா இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ, லீனியா ஆகியவை அவற்றுட் சில. எஞ்சின் ஒன்றென்பதால் இவ்வண்டிகள் யாவும் சமமென்று தரகர்கள் கூறுவதுண்டு. அது சரியன்று. வண்டியின் எடை வேறு. கியர் அமைப்பு வேறு. சிலவற்றில் டர்போ எளிய வகையைச் சேர்ந்தது, குதிரைச் சக்தி சுமார் 75. வேறு சிலவற்றில் இதழ்கள் அசையும் வகை, குதிரைச் சக்தி சுமார் 90. பின்னது பழுதுபட்டால் செலவு கூடும்.

உதிரிப் பாகம் கிடைப்பதும் பெரிய விஷயம். ஃபியட் கார்களின் விற்பனை நம் நாட்டில் 2019-ஆம் வருஷத்தோடு முடிந்தது. மாருதி கம்பெனி 2020 ஏப்ரலில் டீஸல் கார்களை நிறுத்திவிட்டது. பரவலாக ஓடும் வண்டிக்குப் பாகங்கள் பல்லாண்டுகள் கிடைக்கும். அரிதாக ஓடும் வண்டிக்கு எஞ்சின் பாகம் கிடைத்தாலும் கதவும் விளக்கும் கிடைப்பது கடினம். வாங்கும் முன்னர் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ உள்ள உதிரிப் பாகக் கடைகளில் கிளச்சு, முன் விளக்கு, பிரேக் ஆகிய மூன்றின் விலையையும் கையிருப்பையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல் நலம். வரப்போரப் பாதையிலும் மணலிலும் மிகுதியாக ஓட்டுவோருக்கு, 2000-ஆம் வருஷத்தில் வெளிவந்த மஹிந்திரா பொலேரோ போன்ற, தனிச் சட்டத்தின் மேல் உடல் அமைந்த வண்டிகள் ஏற்றவை. சாலையில் மட்டும் ஓட்டுவோருக்கு அவற்றின் எடை வீண் எண்ணெய்ச் செலவாகும்.

எஞ்சினைச் சோதித்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைப் பார்க்க வேண்டும். காலையில் முன்னறிவிப்பின்றிச் செல்வது நல்லது. முன் மூடியின் மேல் கை வைத்துப் பார்க்கச் சூடாயிருந்தால், வாங்குவோர் வருமுன் எஞ்சின் ஓட்டப்பட்டிருக்கிறது என்பது வெளிப்படை. அழுத்தம் குறைந்த எஞ்சின் குளிரில் எளிதில் கிளம்பாது, சூட்டில் கிளம்பிவிடும்.

கிளம்பியபின் புகையைக் கவனிக்க வேண்டும். முதற் சில விநாடிகள் சற்று வெண்புகை வருவது குற்றமன்று. நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. வேகம் கொடுக்கும்போது கரும்புகை மிகுந்தால் இன்ஜெக்டரிலோ, காற்று வடிகட்டியிலோ, டர்போவிலோ குறை உண்டு. வெண்புகை தொடர்ந்து வந்து ரேடியேட்டர் நீர் குறையுமாயின், தலைப்பாகத்தின் அடைப்பு வழியே நீர் உள்ளே செல்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பின்னர், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இலேசான ஆவி வருவது சகஜம். ரெயில் எஞ்சினைப் போலக் குப் குப்பென்று வீசினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அத்தகைய வண்டியை எவ்விலைக்கும் கொள்ளலாகாது. டீஸல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு; அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பால் கலந்தது போல் இருந்தால்தான் தண்ணீர் புகுந்தது என்று பொருள். ரேடியேட்டர் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் இதே நோயின் குறியாகும்.

கிளச்சைச் சோதிக்க மூன்றாவது கியரில் மெதுவாகச் சென்று திடீரென வேகம் கொடுக்க வேண்டும். எஞ்சினின் சத்தம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிடில் கிளச்சு தேய்ந்துள்ளது. டர்போவில் மெல்லிய சீழ்க்கை ஒலி இருக்கலாம். சங்கு ஊதுவது போன்ற ஒலி ஆகாது. இச்சோதனைகளை எல்லா வண்டிகளுக்கும் ஒரே வரிசையில், ஒரே பாதையில், இயன்றால் ஒரே நாளில் செய்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். தரகருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து உடனழைத்துச் செல்வது வீண் செலவாகாது.

உப்புக் காற்றும் வெள்ள நீரும்

கடலோரத்தில் வெகு காலம் நின்ற வண்டியை உப்புக் காற்று அடியிலிருந்து அரிக்கிறது. மேல் வர்ணம் புதிது போல் இருந்தாலும் அடித்தகடு, கதவின் கீழ் விளிம்பு, பிரேக் குழாய், வில் அமரும் இடம் ஆகியவை துருப்பிடித்திருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி விளக்கு வைத்துப் பார்த்து, திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். திடமான தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். அடியில் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் அதன் கீழ் என்ன இருக்கிறது என்று சந்தேகிப்பது புத்தி. ஒரே வருஷத்து வண்டிகள் இரண்டில், திண்டிவனத்துக்கு மேற்கே உள்நாட்டில் ஓடியது ஒன்றும், கடற்கரையில் கூரையின்றி நின்றது ஒன்றும் இருப்பின், முன்னது கிலோமீட்டர் அதிகம் ஓடியிருப்பினும் மேலானதாக இருக்கக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இதனினும் கேடானது. 30-11-2024 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. விழுப்புரம் ஜில்லாவிலும் பல ஊர்கள் நீரில் மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெரு வெள்ளங்கள் வந்தன. இத்தகைய வெள்ளங்களில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவதுண்டு. நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பினால், நீர் அழுத்தத்துக்கு உட்படாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். மின்சாரக் கம்பிகளின் இணைப்புகளில் பசுங்களிம்பு ஏறி, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

இதைக் கண்டறிய இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் சேற்றுக் கறைக்கோடு இருக்கும். தரை விரிப்பின் அடியில் வண்டல், இருக்கைத் தண்டவாளத்தில் துரு, முன் விளக்கின் உள்ளே நீராவி, கதவடைத்த வண்டிக்குள் பூஞ்சை நாற்றம் ஆகியவையும் குறிகள். இவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்பட்டால் அவ்வண்டியை ஒப்பீட்டிலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

ஓடிய தூரத்தின் உண்மை

கிலோமீட்டர் காட்டும் கருவியைத் திருத்திவிடுதல் எளிது. ஆகையால் எண்ணை நம்பாமல் சாட்சியை நாட வேண்டும். சர்வீஸ் செய்த ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். 50,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியின் காற்பலகை ரப்பரும் ஸ்டியரிங்கும் வழவழப்பாகத் தேய்ந்திருத்தல் பொருந்தாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 1523 என்றிருந்தால் 2023-ஆம் வருஷத்தின் 15-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். டயர்கள் நான்கும் வெவ்வேறு வருஷத்தனவாயின் காரணம் கேட்க வேண்டும். வண்டி முன்பு வாடகைக்கு ஓடியதா என்பதைப் பதிவு விவரத்திலிருந்து அறியலாம்.

பதிவும் வில்லங்கமும்

இப்பகுதியில் திண்டிவனத்துக்குரிய டி.என். 16, விழுப்புரத்துக்குரிய டி.என். 32, புதுச்சேரிக்குரிய பி.ஒய். 01 ஆகிய மூன்று குறிகளும் உள்ள வண்டிகள் அருகருகே விற்கப்படுகின்றன. புதுச்சேரிப் பதிவு வண்டி விலை குறைவாகத் தோன்றும். ஆனால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ அவ்வெல்லையில் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதுக்குறி பெற வேண்டும். பொம்மையார்பாளையம் புதுச்சேரிக்கு எத்தனை அருகில் இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லையைச் சேர்ந்தது. ஆகவே, தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டு வரியைச் செலுத்தி, புதுக்குறி பெறும் செலவு முழுவதையும் விலையோடு கூட்ட வேண்டும். இதே விதி தூர மாநிலங்களிலிருந்து வரும் வண்டிகளுக்கும் பொருந்தும். தில்லியில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் இட்ட கட்டளையை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிலைநிறுத்தியது. 2025-இல் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன. இக்காரணத்தால் வடக்கிலிருந்து மலிவாக வண்டிகள் வந்தன. அவற்றின் வயதையும் பதிவையும் இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

சொந்தக் காரின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். அதன் பின்னர், தகுதி சோதிக்கப்பட்டு ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும். ஆகையால் பதிவில் எஞ்சியுள்ள காலம் வண்டியின் மதிப்பில் ஒரு பகுதியாகும். பதிவுப் புத்தகத்திலுள்ள சாஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும். பாங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான பாங்கியின் கடிதமும் 35-ஆம் நமூனாவும் இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. இன்ஷூரன்ஸ், நிலுவையிலுள்ள அபராதம் ஆகியவற்றையும் மத்திய சர்க்காரின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு அறிந்துகொள்ளலாம்.

கணக்கை முடித்தல்

சோதனைகளின் முடிவை ஒரே காகிதத்தில் இரு பத்திகளாக எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் உதாரணம் காண்க.

முதல் வண்டி: ஓடியது 80,000 கிலோமீட்டர், வேற்று மாநிலப் பதிவு, கேட்ட விலை 3,60,000 ரூபாய். நான்கு டயர்களுக்கு 20,000, கிளச்சுக்கு 15,000, துரு நீக்கத்துக்கு 15,000, வரிக்கும் புதுக்குறிக்கும் 30,000. ஆக மொத்தம் 4,40,000 ரூபாய். பதிவில் எஞ்சியது 4 வருஷம். வருஷத்துக்கு விழுவது 1,10,000 ரூபாய்.

இரண்டாம் வண்டி: ஓடியது 1,20,000 கிலோமீட்டர், உள்ளூர்ப் பதிவு, கேட்ட விலை 4,10,000 ரூபாய். பாட்டரிக்கு 6,000, இன்ஜெக்டர் சுத்தத்துக்கும் சர்வீஸுக்கும் 14,000. ஆக மொத்தம் 4,30,000 ரூபாய். பதிவில் எஞ்சியது 6 வருஷம். வருஷத்துக்கு விழுவது சுமார் 71,700 ரூபாய்.

முதல் வண்டி 50,000 ரூபாய் மலிவாகவும், 40,000 கிலோமீட்டர் குறைவாக ஓடியதாகவும் தோன்றிற்று. உண்மையில் அதுவே விலை கூடியது. பதிவைப் புதுப்பிக்கக்கூடும் என்பதும், பின்னர் விற்றால் சிறிது பணம் வரும் என்பதும் இரு வண்டிகளுக்கும் பொது. ஆதலின் அவை இங்கே சேர்க்கப்படவில்லை. மேற்கண்ட தொகைகள் முறையை விளக்குவதற்காகவே இடப்பட்டவை. வாங்குவோர் தாம் விசாரித்தறிந்த தொகைகளை இட்டுக்கொள்ள வேண்டும். இக்காகிதத்தை விற்பவரிடம் காட்டிப் பேசினால் விலை குறைவதும் உண்டு. குறையைப் பொதுவாகச் சொல்வதைவிடத் தொகையாகச் சொல்வது வலிமையுடையது.

கைமாறிய பின்னர்

பணம் கொடுத்து வண்டியை ஓட்டிச் சென்றதோடு காரியம் முடிந்துவிடாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும், 29, 30-ஆம் நமூனாக்களின் மூலம் பெயர் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை மாற்றவும் வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கிராமங்களில் வெறும் நமூனாவில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு விற்றவர் மறந்துவிடுவதும், தரகர் அதை வைத்துக்கொண்டு மூன்றாம் நபருக்கு விற்பதும் உண்டு. இது விற்றவருக்கே பேராபத்து. பல கை மாறியும் பெயர் மாறாத வண்டியால் விபத்து நேர்ந்த ஒரு வழக்கில், பதிவில் பெயருள்ளவரே சட்டப்படி உடைமையாளர்; நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. வண்டியைக் கண்ணாலும் காணாத ஒருவரின் நிலம் அந்த நஷ்டஈட்டுக்காக ஜப்திக்கு வரக்கூடும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, பெயர் மாறிய பதிவின் நகல் கைக்கு வரும் வரையில் விற்றவர் விடாமல் விசாரித்து வரும்படி சொல்லுதல் பெரும் உபகாரமாகும்.

சுருங்கக் கூறின், வாங்க உத்தேசிப்போர் முதலில் தம் ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைச் சோதிக்க வேண்டும். அடித்தகட்டையும் வெள்ளக் குறியையும் பார்க்க வேண்டும். பத்திரங்களை ஒத்துப் பார்க்க வேண்டும். எல்லாச் செலவையும் கூட்டி, எஞ்சிய வருஷங்களால் வகுக்க வேண்டும். இவை யாவும் ஒன்றிரண்டு நாள் வேலை. இதற்குச் சோம்பினால், ஒரு போகத்து மணிலாவின் வரும்படி முழுவதும் பட்டறைக்குப் போய்ச் சேரும்.